சிவப்புப் பொத்தானை விசாரித்தவர்

காவல் நிலைய வாசல்களிலும் நீதிமன்ற வராந்தாக்களிலும் நின்று செய்தி சேகரித்துப் பிழைத்தவன் நான். ஆனாலும் ஒண்ணொண்ணாவைப் போல விசாரிக்கத் தெரிந்த ஒருவரை இதுவரை பார்த்ததில்லை. அவர் விசாரித்தது மனிதர்களை அல்ல, ஒரு ஜாய்ஸ்டிக்கை.

பத்திரிகை என்னைக் கொடைக்கானலுக்கு அனுப்பிய இரண்டு வருடமும் ஒரு லாட்ஜின் மாடியில் மாத வாடகைக்கு இருந்தேன். எதிர் அறையில் அவர். ஜீப்புகளுக்கு வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன். நாற்பது வயதிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் லாட்ஜ் பதிவேட்டில் இருந்திருக்கலாம், ஊரில் யாருக்கும் தெரியாது. எது பழுதானாலும் "ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

அவருடைய சட்டம் எளிமையானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் மூன்று முறை சோதிக்க வேண்டும். விரல் படும் இடத்தில் தொடங்கி உள்ளே போக வேண்டும். நடுவில் குதிக்கக் கூடாது.

ஒருமுறை தாண்டிக்குடி ரோட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றுவிட்டது. நானும் அவரும் அதில் இருந்தோம். டிரைவர் கீழே இறங்காமலே சொன்னார்.

"டீசல் தீந்திருக்கும்ணே."

"டீசல் முறை வரட்டும்."

சாவியைப் பார்த்தார். சாவித் துவாரத்தைப் பார்த்தார். பேட்டரி, ஃபியூஸ், வயர் என்று வரிசையாகப் போனார். பின்னால் உட்கார்ந்திருந்த எஸ்டேட் ஆட்கள் நால்வரும் இறங்கி, ஒரு பாறையில் சாய்ந்து, மடியில் இருந்த சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து டீசலின் முறை வந்தது. டேங்க் காலி.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் டிரைவர்.

"நீ நெனச்ச. இப்பத்தான் தெரியும்" என்றார் இவர்.

பெண் பார்த்த கதையும் உண்டு. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து அறை ஸ்டீபன் சார், மிஷன் பள்ளிக் கணக்கு ஆசிரியர். நான் உறுதி செய்யவில்லை. பழனியில் ஒரு பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட, மறுவாரம் அதே வீட்டுக்கு வேறு சட்டையில் போனாராம். அதற்கடுத்த வாரம் மீசை இல்லாமல். அப்புறமும் போனபோது பெண்ணின் அப்பா வாசலிலேயே மறித்து, "தம்பி, புள்ளைக்கு மலைக் குளிரு ஆகாது, அவ்வளவுதான்" என்றாராம். "அத மொதல்லயே சொல்லியிருந்தா மீசையாவது மிஞ்சியிருக்குமேங்க" என்று திரும்பிவிட்டார்.

ஜாய்ஸ்டிக்குக்கு வருகிறேன். ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு ஆசிரியர், தன் பழைய விளையாட்டுக் கணினியை இவரிடம் விட்டுப் போயிருந்தார். கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கிய அந்தக் காலத்து மாடல். டிவியில் செருகி விளையாட வேண்டும். செத்துக் கிடந்த அதை எட்டு மாதம் உட்கார்ந்து எழுப்பினார். அதில் ஓடியது ஒரே விளையாட்டு. கீழே நம் விண்கலம், மேலே எதிரிகள். ஜாய்ஸ்டிக் பிடியின் உச்சியில் ஒரு சிவப்புப் பொத்தான், வலது கட்டைவிரலால் அமுக்கினால் சுடும்.

மாலையில் பனி இறங்கியதும் அவர் அறையில் கூடுவோம். ஸ்டீபன் சார், நான், அப்புறம் கீழே மெஸ் நடத்தும் மரகதம் அக்கா. அதிக மதிப்பெண் எப்போதும் அக்காவுக்குத்தான். வெங்காய வாசனை போகாத கையோடு வந்து, நின்றபடியே விளையாடி, மூணு பேர் மானத்தையும் வாங்கிவிட்டு இறங்கிப்போவார். "ஒங்களுக்கெல்லாம் வேற சோலி இல்ல. எனக்கு உலை கொதிக்குது" என்பார்.

ஒரு ஐப்பசி மழையில் பொத்தான் மக்கர் செய்தது. இவர் அமுக்குகிறார், கலம் சுடவில்லை. பத்துக்கு நாலு முறைதான் சுட்டது. ஒண்ணொண்ணாவின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அவருக்கு வழக்கு கிடைத்துவிட்டது.

பொத்தானைக் கழற்றினார். உள்ளே இருந்த தகட்டை ஸ்பிரிட்டில் துடைத்தார். அறைக் கதவில் சாக்பீஸால் எழுதினார்: பொத்தான், விடுதலை. மறுநாள் வயர். அதற்கு மறுநாள், செருகும் துவாரம். மலை ஈரம் என்று சந்தேகம் வந்து ஜாய்ஸ்டிக்கை மெஸ் அரிசி டின்னுக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தார். அக்கா அரிசி அளக்கும்போது அது ஆழாக்கோடு வந்தது.

"தம்பி, இதையும் களைஞ்சு போடவா?"

"ஈரம் விடுதலைக்கா. எடுத்துக்கிறேன்."

வேறொரு ஜாய்ஸ்டிக்கைத் தபாலில் வரவழைத்தார். அதுவும் அப்படியே. டிவியை மாற்றினார். மின்சாரத்தைக் கூடச் சந்தேகித்து, ஜீப் பேட்டரியில் ஓட்டினார். மூன்று வாரத்தில் கதவு நிறைந்துவிட்டது. வியப்பு என்னவென்றால், அக்கா விளையாடும்போது மட்டும் எந்தக் குறையும் இல்லை.

"அக்கா ஆட்டுக்கல்லு கை. பலமா அமுக்குது" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்.

அந்த வாரங்களில் நான் வேறு சிலவற்றையும் பார்த்தேன். ஸ்வெட்டர் பொத்தானை இடது கையால் போட்டார். மெஸ்ஸில் டீ கிளாஸ் இரண்டு முறை நழுவியது. பட்டறையில் ஒரு ஃபியூஸைப் பொருத்த முடியாமல் கீழே விட்டுவிட்டு, திரும்பத் திரும்பக் குனிந்து தேடினார். கேட்டால், குளிர் என்றார். கொடைக்கானலில் குளிர் என்றால் எவரும் மேலே கேட்பதில்லை. ஸ்டீபன் சாரும் பார்த்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். அந்தக் கையில்தான் அவருடைய சோறு இருந்தது. உறுதியாகாத செய்தியைச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல நிருபர் என்று பெயர் எடுத்தவன், அந்த ஒரு செய்தியை மூன்று வாரம் அமுக்கி வைத்தேன்.

சொன்னது மரகதம் அக்கா. ஒரு மாலை அவர் விளையாட வரவில்லை, கதவைப் படிக்க வந்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டியா தம்பி?"

"எல்லாம் பாத்தாச்சுக்கா."

"ஒண்ணு பாக்கி கெடக்கு. எந்திரி. நான் உக்காருறேன். வேற எதையும் தொடாத."

அக்கா உட்கார்ந்து பத்து முறை அமுக்கினார். பத்தும் சுட்டது.

"இப்ப நீ உக்காரு."

இவர் அமுக்கினார். மூன்று.

"மூணு தடவ பாக்கணும்னு சொல்லுவேல்ல. பாரு."

மாறி மாறி மூன்று முறை பார்த்தார்கள். ஸ்டீபன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒண்ணொண்ணா ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எங்களில் யாரும் எதிர்பார்க்காதபடி, அதை இடது கைக்கு மாற்றிப் பத்து முறை அமுக்கினார். பத்தும் சுட்டது. எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தார். அதைச் சரியாகப் பிடிக்க இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. கதவின் அடியில் எழுதினார்: வலது கட்டைவிரல். விடுதலை என்று எழுதவில்லை.

"அமுக்குறேன்னுதாங்க நெனைக்கிறேன்" என்றார் என்னிடம். "அமுக்கல போல." கட்டைவிரலைத் தடவிக்கொண்டே, "இதுக்கு ஸ்பேர் கெடைக்காதே" என்றார்.

"நாளைக்கு வெள்ளனே கெளம்பு" என்றார் அக்கா. "இட்லி கட்டித் தாரேன். பேப்பர்காரரு கூட வருவாரு." என்னைக் கேட்கவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு நரம்பு மருத்துவர். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறது, கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருக்கிறது, இனியும் தள்ளிப்போட்டால் பலம் திரும்பாது என்றார். சின்ன ஆபரேஷன்.

"மணிக்கட்டா, கழுத்தான்னு தனித்தனியாப் பாத்தீங்களாங்க?" என்று கேட்டார் ஒண்ணொண்ணா.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் கழுத்தையும் ஒருமுறை சோதித்தார். மணிக்கட்டுதான் என்று இரண்டாவது முறை சொன்னபிறகுதான் இவர் கையெழுத்துப் போட்டார், இடது கையால்.

கட்டுப் பிரிப்பதற்குள் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. பலம் திரும்புமா என்பதை மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லை. போனில் விசாரித்தால், "பாக்கணுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஜீப் வேலைக்கு ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டதாக ஸ்டீபன் சார் சொன்னார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு மாலை, அவசரமாக ஒரு செய்தியை முடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு. "சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. டப் என்று ஒரு சத்தம். சற்று விட்டு, இன்னொரு டப். பிறகு விடாமல், டப் டப் டப். பின்னாலிருந்து மரகதம் அக்காவின் குரல் வந்தது: "பேப்பர்காரருக்கிட்டச் சொல்லு, இப்பவும் நான்தான் முன்னால."

"வலது கைங்க" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். போனை எங்கோ கீழே வைத்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார்.

பத்திரிகை ஆசிரியர் இருமுறை என் மேசைப் பக்கம் வந்து போனார். அந்த விண்கலம் கடைசியாக வெடிக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.