'ஒரே ஒரு வரி' ஆசாமி

'ஒரே ஒரு வரி' ஆசாமி என்றொரு இனம் உண்டு. எல்லாம் முடிந்து, சோதித்து, முத்திரையும் குத்திய பிறகுதான் இவருக்குக் கை நமநமக்கும்.

மின்னணுப் பூட்டு தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் இவரைத் தரிசிக்கலாம். பூட்டுக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு லினக்ஸ் கணினி. அதில் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளைத் திருத்தி, பில்ட் செய்து, பேக்கேஜாகக் கட்டி அனுப்புவது இவர் உத்தியோகம். அன்றைய பேக்கேஜ் தயார். டெஸ்டிங் அக்கா காலையிலிருந்து பூட்டைத் திறந்து, மூடி, நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கி, மறுபடி மாட்டி, ஒருவழியாக 'சரி' சொல்லிவிட்டார். சாயங்காலம் அவர் மகளுக்குப் பள்ளியில் நாடகம். மரம் வேஷம்தான், இருந்தாலும் முதல் மேடை அல்லவா? அக்கா டெஸ்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

நம்மவர் சும்மா இருப்பாரா? பூட்டின் பச்சை விளக்கு பட்டென்று எரிகிறதே, மெல்ல மலர்ந்தால் எவ்வளவு அழகு! ஒரு வரியைத் திருத்தினார். மறுபடி பில்ட், மறுபடி பேக்கேஜ். சோதனை? ஒரு வரிக்கா? தன் மேசையிலிருந்தே டெஸ்டிங் அறைக் கதவில் சோதனைக்கென்று மாட்டியிருந்த மாதிரிப் பூட்டில் ஏற்றிவிட்டார்.

விளக்கு மலர்ந்தது. கதவு மலரவில்லை.

"டேய், கதவு திறக்க மாட்டேங்குது!" உள்ளேயிருந்து அக்கா கத்தினார்.

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சேக்கா."

"உன் கம்ப்யூட்டர்ல கதவு இருக்கா? என்னத்தடா மாத்தின?"

"ஒண்ணுமே மாத்தல... ஒரே ஒரு வரி."

"அடப்பாவி! அங்க எம்பொண்ணு என்னைத் தேடிட்டு நிப்பாடா!"

"கோவப்படாதீங்கக்கா. லைட் எப்படி? நல்லாருக்கா?"

நடுவில் கதவு இருந்தது இவர் செய்த புண்ணியம். நல்லவேளை, அக்காவின் லேப்டாப்பும் உள்ளேதான் இருந்தது. காலையில் சோதித்த பேக்கேஜும் அதில் பத்திரமாக இருந்தது. அக்கா கேபிளைச் செருகி அதையே பூட்டில் ஏற்றத் தொடங்கினார். அந்த நேரத்தில் வேறு யாராயிருந்தாலும் ஓடி ஒளிந்திருப்பார்கள். நம்மவர் கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"அக்கா, எப்படியும் ஏத்துறீங்க... அதோட சேர்த்து இன்னொரு வரி..."

கதவு திறந்தது. அக்கா அடிக்கவில்லை, அதற்கு நேரமில்லை.

அவர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் காட்சி முடிந்திருந்தது. இரண்டாம் காட்சியில், ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டிய மரம் ஒன்று, அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கிளைகளையும் ஆட்டியது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், குழம்பை ருசி பார்த்து வீடே 'போதும்' என்று சொன்ன பிறகு, யாரும் பார்க்காத சமயத்தில் இன்னொரு சிட்டிகை போடப் போவது யார்? அந்த உப்பு டப்பாவை முதலில் கீழே வையுங்கள்.