சோலார் வடை

உலகத்தைத் திருத்தும் யோசனைகள் வேலை கிடைக்காத இன்ஜினியர்களுக்குத்தான் வரும். எனக்கும் வந்தது. ரோட்டில் தாருக்குப் பதிலாக சோலார் பேனல் பதித்தால் மேலே வண்டி ஓடும், கீழே கரண்ட் ஓடும் என்று ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்துவிட்டு, வீட்டில் எனக்குச் சோறு போட்டவர்களிடமெல்லாம் அதையே பேசினேன். (சோறு போட்டது அம்மா ஒருத்திதான். பாவம்.)

அதையும் போய் நெய்வேலியில் பேசினேன். அப்பா மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டர். எங்கள் குவார்ட்டர்ஸில் நிலக்கரியைக் குறைத்துப் பேசுவதும் குலதெய்வத்தைத் திட்டுவதும் ஒன்றுதான்.

கோயம்புத்தூரில் ஒரு சோலார் கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பாவோ தன் இன்ஜினியரிடம் சொல்லி மைன்ஸிலேயே கான்ட்ராக்டில் சேர்த்துவிட ஏற்பாடு செய்திருந்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் சொல்லும் ரோடு அந்த இன்ஜினியர் கண்முன்னால் ஒரு ஃபேனையாவது சுற்ற வைத்தால் நான் கோயம்புத்தூர் போகலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை மைன்ஸ்.

டவுன்ஷிப்பில் பேனல் பதிக்க இடம் தேடினேன். எந்தத் தெருவுக்குப் போனாலும் மரங்கள் மேலே கைகோத்து நின்றன. அந்த நிழலில்தான் சைக்கிள் கற்றேன், விழுந்தேன், முதல் காதல் கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பினேன். அப்படிப்பட்ட மரங்களை அந்த வாரம் முழுக்கத் திட்டினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் பக்கத்துக் கிராமமான வளையமாதேவியில் அத்தை, அப்பாவின் தங்கை, வீட்டு வாசல்தான் சரிப்பட்டது. பொட்டல் வெயில். ரோட்டிலிருந்து வாசலுக்குத் திரும்பும் இடத்தில் பள்ளம் தோண்டி, பேனலை வைத்து, தடித்த கண்ணாடியை மேலே போட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசினேன். பேட்டரி வைத்தால் ஏமாற்று வேலை என்பார்கள், அந்த வம்பே வேண்டாமென்று ஒயரை நேராக ஒரு சின்ன ஃபேனுக்கு இழுத்தேன். சுற்றியது! அத்தை அதன் முன்னால் உட்கார்ந்து, "ஏண்டா, வெயிலு கூட காத்தா வருதே" என்று சிரித்தாள். இங்கேதான் வெயில் நன்றாக விழுகிறது என்று அவளுக்கு ஒரு முழு வகுப்பே எடுத்தேன்.

இன்ஜினியர் வரும் நாள். அவருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கச் சேத்தியாத்தோப்பு போய்த் திரும்பினால் ரோட்டைக் காணோம். பேனலையும் காணோம். பங்குனி மாதம் அல்லவா? வயலில் பிடுங்கிய உளுந்துச் செடியை அத்தை ரோடு முழுக்கப் பரப்பி, மிச்சத்தை என் கண்ணாடி மேல் கொட்டியிருந்தாள். எங்கள் பக்கத்தில் ரோடுதான் களம். வெயில் காய வைக்கும், பஸ்ஸும் லாரியும் ஏறி அடித்துக் கொடுத்துவிடும். (இந்த ஊர்க்காரனான எனக்கு இது ஞாபகம் வராமல் போனதற்கு வெளிநாட்டு வீடியோதான் காரணம்.)

துடைப்பத்தை எடுத்தேன். அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கைய வச்சினா பாரு. ஒரு வருசத்து உளுந்துடா. வெயிலு நல்லா வுழற எடம்னு நீதான சொன்ன?"

அந்த நேரம் பார்த்து இன்ஜினியரின் ஸ்கூட்டர் வாசலுக்குத் திரும்பியது. பின்சீட்டில் அப்பா. கண்ணாடி, கண்ணாடி மேல் உருண்டை உருண்டையாக உளுந்து. ஸ்கூட்டர் ஒரு பக்கம் போயிற்று, இன்ஜினியரும் அப்பாவும் மறுபக்கம் போய்ச் செடிக் குவியலில் மெத்தென்று உட்கார்ந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. நான் அவர்களைத் தூக்காமல் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி, என்னைப் பார்த்துவிட்டு நின்றது.

அப்பா திட்டவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "ரோடுன்னா உளுந்து காயும், மாடு படுக்கும், வண்டி நிக்கும். உன் ரோட்டுக்கு இதெல்லாம் ஆகாதா?"

திங்கட்கிழமை மைன்ஸில் சேர்ந்தேன்.

பேனலைப் பெயர்த்து அத்தை வீட்டுக் கூரையில் ஏற்றினோம். கீறல் விழுந்த அதே பேனலில் ஃபேன் இன்றுவரை ஓடுகிறது. அந்த உளுந்தில் அத்தை தீபாவளிக்கு வடை சுட்டாள். அப்பா ஒன்றைக் கடித்துவிட்டு, "சோலார் வடை" என்றார். அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை வடைக்கு அதுதான் பெயர். என் கல்யாணப் பந்தியில் பெண் வீட்டாருக்கு முழுக் கதையும் சொல்லப்பட்டது.

சில வருடங்களுக்கு முன் அத்தையின் வயல் மைன்ஸுக்காக எடுக்கப்பட்டது. வீடு இருக்கிறது. நானும் மைன்ஸில்தான் இருக்கிறேன், இன்னும் கான்ட்ராக்டில். பங்குனியில் அவள் வீட்டு வாசலில் ரோடு வெறுமனே கிடக்கிறது. பேனல் பதிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிப்பதில்லை.

போன தீபாவளிக்கும் போனோம். அத்தை வடைத் தட்டை நீட்டினாள். அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு, வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார். அத்தை முந்திக்கொண்டாள்.

"இது சோலார் இல்லண்ணா. கடை உளுந்து."

மூன்று பேரும் சிரித்தோம். அப்பாதான் முதலில் நிறுத்தினார்.