கார் வாங்காத மைலேஜ் நிபுணர்

மனிதர்களில் மைலேஜ்காரர் என்று ஓர் இனம் உண்டு. இவரைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். தெருவில் யாராவது புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல், குடும்பத்தோடு சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, காரின் முகத்தைப் பார்க்காமல் நேரே பின்பக்கம் போய்க் குனிந்து, சைலன்சர் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாரே, அவர்தான். நிமிர்ந்ததும் ஒரே ஒரு கேள்வி. "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" நீங்கள் என்ன சொன்னாலும் சரி, உதட்டைப் பிதுக்குவார். பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உங்கள் தோளைத் தட்டி, "சரி விடுங்க, வாங்கிட்டீங்க. இனிமே பேசி என்ன ஆகப் போகுது?" என்பார். அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒன்று எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறது. அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் லிட்டர். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாத கார் இல்லை. எந்தக் கார் ஊருக்குள் எவ்வளவு குடிக்கும், நெடுஞ்சாலையில் எவ்வளவு குடிக்கும், கம்பெனிக்காரன் சொல்வதற்கும் உண்மையில் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம், கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயுவை வெளியே விடும், எதிர்க்காற்றில் ஜன்னலைத் திறந்தால் எவ்வளவு நஷ்டம், மூடிக்கொண்டு வெந்தால் எவ்வளவு லாபம், எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். தன் சட்டை அளவைக் கேட்டால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவரிடம் என்ன கார் இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? கார் ஏது? ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. அதை அவர் உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு அம்மாள் பதறி ஓடிவந்து கொடியில் காயும் வெள்ளைத் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போவார். தெரு முழுக்கப் புகை மூடி, அது விலகும்போது லிட்டர் அங்கே இருக்கமாட்டார். எங்கே போயிருப்பார்? எந்தக் கார் குறைவாகப் புகைவிடுகிறது என்று பார்க்க ஷோரூமுக்குப் போயிருப்பார். ஒரு நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் சார், இது விடற புகையை யார் கணக்கு பாக்கறது?"

"இதை எதுக்கு சார் பாக்கணும்? இதைத்தான் நான் மாத்தப் போறேனே!"

வருஷக்கணக்காக மாற்றப் போகிறார். தடை என்னவென்றால், அவர் ஒரு காரை முடிவு செய்யும் நேரத்தில் அதைவிட அரை கிலோமீட்டர் அதிகம் ஓடும் இன்னொன்று வரப்போவதாகச் சேதி வந்துவிடும். சரி, அது வரட்டும் என்று காத்திருப்பார். அது வந்ததும், அது புகை விஷயத்தில் இரண்டு கிராம் கூடுதல் என்று தெரியும். இரண்டு கிராம்! மனிதர் இடிந்துபோவார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி, வேறு ரகம். ஒரு மத்தியானம் பல் வலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் பக்கத்து ஷோரூமைப் பார்த்து, பிடித்துப்போய், காரோடு திரும்பியவர். அதை அக்கா வீட்டுக்கு ஓட்டிவந்து காட்டினார். லிட்டர் சைலன்சர் குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்து, விரலை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"என்ன அத்தான், ஏதாவது சொல்லுங்களேன்."

"என்னத்தச் சொல்ல மச்சான். நல்ல கலர்."

அந்த "நல்ல கலர்" மைத்துனரை எப்படிச் சுட்டிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் அக்கா வீட்டுக்கு வந்தால் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, ஆட்டோவில் வந்தது மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு படியேறுகிறார்.

இத்தோடு நின்றிருந்தால் நான் பொறுத்துப்போயிருப்பேன். கார் விடும் புகையை மட்டும் கணக்கில் எடுத்தால் போதுமா, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் விடும் மூச்சை யார் கணக்கில் எடுப்பது என்று ஒரு சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்விக்கு விடை தேடுவதில் இந்த இனத்துக்கு நிகர் கிடையாது. பேசினால் மூச்சு அதிகம், சிரித்தால் இன்னும் அதிகம், பாடினால் சொல்லவே வேண்டாம் என்று கண்டுபிடித்தார். கார் வந்த பிறகு அதில் யாரும் பேசக்கூடாது என்று வராத காருக்கு வீட்டில் சட்டம் போட்டார். அன்று அவர் மனைவி சிரித்த சிரிப்பு கீழ்வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. "பாத்தியா, பாத்தியா, எவ்வளவு வெளிய விடறே!" என்று அவர் சொன்னதும் கேட்டது.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளர். மருந்து எடுத்துக் கொடுத்துக் கொடுத்து வருஷங்கள் ஓடிய பிறகு, ஊருக்கு வெளியே மேட்டுமேல் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரியின் மருந்தகத்துக்குத் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அவருக்குக் கீழே ஆறேழு பேர், தனி அறை, அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலைப் பற்றி அவர் என் மனைவியிடம் சொன்னபோது கண் கலங்கிவிட்டதாம். இத்தனை வருஷமும் வேலை பார்த்தது தரைக்குக் கீழே, அடித்தளத்தில். ஆனால் அந்த மேட்டுக்குப் பஸ் கிடையாது, ஆட்டோவும் ஏறாது. ஸ்கூட்டரோ மேடு என்ற சொல்லைக் கேட்டாலே நின்றுவிடும். கார் இருந்தால்தான் வேலை. அதற்காகவே அவர் கார் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கி, ஓட்ட ஒன்றும் இல்லாமல் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஏதாவது ஒண்ணு வாங்கிடலாங்க. நாலு சக்கரம் இருந்தா போதும்."

"நாலு சக்கரம் எல்லாத்துலயும் இருக்கும்மா. அதை வச்சு எப்படி முடிவு பண்றது?"

இப்படியே பேசிப் பேசி, வேலையை ஏற்றுக்கொள்ளும் கடைசி நாள் வந்துவிட்டது. காலை பத்து மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்று காலையில்தான் லிட்டருக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. ஷோரூமில் ஒரு காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டிருந்தார். ஆஸ்பத்திரி சாலையில் நல்ல ஏற்றம் இருக்கிறது. "உன்னைக் கொண்டுபோய் விட்ட மாதிரியும் ஆச்சு, வண்டியை ஏத்தத்துல பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார். அந்த அம்மாளுக்கு வேறு வழியில்லை.

எனக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? நான் எடைக்கு. முழு பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பல் துலக்கிக்கொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்து, "சார், நீங்க ரெண்டு ஆளுக்குச் சமம்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். கோபம் வந்தது. ஆனாலும் போனேன், புதுக் காரின் வாசனை எனக்கும் பிடிக்கும்.

முன்னால் லிட்டரும், டை கட்டிய விற்பனைக்காரரும். பின்னால் அந்த அம்மாளும், பாரமாகிய நானும். செருப்போடு மிதித்தால் கால் கனம் சேரும் என்று லிட்டர் செருப்பைக் கழற்றினார். ஏ.சி.யை அணைத்தார். ரேடியோவை அணைத்தார். கிளம்பினோம். கிளம்பினோம் என்று நான் நம்பினேன். ஜன்னல் வழியே பார்த்தபோது ஷோரூம் வாட்ச்மேன் இன்னும் பக்கத்திலேயே இருந்தார். ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டியது. பிறகு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் தாண்டினார். அந்தக் குழந்தை என்னை நெடுநேரம் திரும்பிப் பார்த்தது.

"சார், கொஞ்சம் மிதிக்கலாம் சார்" என்றார் விற்பனைக்காரர்.

"பேசாதீங்க. மூச்சு."

"என்னங்க, மணி ஆகுதுங்க."

"நீயும் பேசாதே."

அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையை மடியில் இறுக்கிப் பிடித்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கதவைத் திறந்து இறங்கித் தள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் லிட்டர் காரை நிறுத்தினார். மேட்டின் உச்சியில் ஆஸ்பத்திரி தெரிந்தது. நேரமோ பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் அப்படியே மேலே ஓட்டக்கூடாதோ? கூடாது. புகைப் பரிசோதனை பாக்கி இருந்தது. சலவை செய்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, நீ முன்னாடி வந்து உக்காரு. நான் பின்னாடி குழாய்ல துணியைப் பிடிக்கறேன். நீ லேசா மிதி."

அந்த அம்மாள் இறங்கிப்போய் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தார். லிட்டர் நடுச்சாலையில் குத்துக்காலிட்டு, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவது மாதிரி, சைலன்சர் வாயில் கைக்குட்டையை வைத்தார்.

"மிதி!"

மிதித்தார்.

"இன்னும் கொஞ்சம்!"

மிதித்தார்.

"இன்னும்! நல்லா மிதி!"

சொன்னபடி கேட்கும் மனைவி. கியரைப் போட்டு, நல்லா மிதித்தார். கார் பாய்ந்தது. பின்கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு கையில் கைக்குட்டையோடு, வெறுங்காலோடு, லிட்டர் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார். "நில்லு" என்று கத்துவார் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? "கியரை மாத்து! பெட்ரோல் வீணாகுது! கியரை மாத்து!"

விற்பனைக்காரர் டையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், எங்க போறோம் மேடம்?"

"வேலைக்கு."

"மேடம், இது ஓட்டிப் பாக்கற வண்டி மேடம்..."

"ஓட்டிப் பாத்தாச்சு. நல்லாருக்கு. இதே மாதிரி ஒண்ணு குடுத்துடுங்க."

விற்பனைக்காரர் டையை விட்டுவிட்டார். அவர் தொழிலில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டே பல நாள் ஆகியிருக்கும். பிறகு மெல்ல, பயந்து பயந்து கேட்டார். "என்ன கலர் மேடம்?"

"இன்னிக்கே கிடைக்கிற கலர்."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். விற்பனைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பாரம் மூன்று பேரும் சேர்ந்து எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விட்டிருப்போம் என்று கணக்குப் பார்க்க வேண்டியவர் பாதி மேட்டில் இருந்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாள் வெளியே வந்த நேரத்தில்தான் லிட்டர் மேலே வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வேர்வை. முகத்தில் கோபம் இருக்கும் என்று பயந்தேன், இருந்தது பரவசம். கைக்குட்டையை விரித்து எங்கள் மூவருக்கும் காட்டினார்.

"பாருங்க! ஒரு பொட்டுக் கறை இல்லை!"

"நல்லதுங்க" என்றார் அந்த அம்மாள். "வாங்கியாச்சு."

"வாங்கியாச்சா?" அந்த முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "அடுத்த மாசம் புதுசு ஒண்ணு வருதேம்மா!"

இப்போது அந்த அம்மாள் தினமும் மேடேறி வேலைக்குப் போகிறார். ஜன்னல் வழியே ஊரே தெரிகிறதாம். லிட்டரை எப்போதாவது ஏற்றிக்கொள்கிறார். பின் இருக்கையில், அன்றைக்கு நான் பாரமாக உட்கார்ந்த மாதிரி. மீட்டர் கண்ணில் படாத அந்த இடத்திலிருந்து அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பதைக் கண்டால் இரக்கப்படாமல் இருக்க முடியாது.

போகட்டும், உங்கள் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு நேரம் கதை சொன்ன நான், அந்தக் கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று மட்டும் சொல்லவே இல்லை. கவனித்தீர்களா? கவனிக்காதவர்கள் புண்ணியவான்கள், நிம்மதியாகப் போகலாம். கவனித்தவர்கள், நடுவிலேயே கவனித்துவிட்டு "அதைச் சொல்லாம என்னத்தையோ சொல்லிட்டிருக்கானே" என்று பல்லைக் கடித்தவர்கள், தயவுசெய்து இதைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, உங்களுக்காக யாரோ நிற்கிறார்கள்.