அட்டை அண்ணன் ஆள் பிடித்த கதை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அட்டை அண்ணன் பிடித்த பிறகு உதறிவிட்டு ஓடியவர் எவரும் கிடையாது. கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தருவது அவர் தொழில். உப்புப் போட்டாலும் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

எனக்கு அவர் தேவைப்பட்டது உயிர் போகிற அவசரத்தில். மூவாரில் எங்கள் நாற்காலித் தொழிற்சாலையின் டிசைன் தலைவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். விற்பனைப் பிரிவில் சும்மா சிரித்துக்கொண்டிருந்த என்னை முதலாளி தற்காலிகத் தலைவராக்கிவிட்டார். வரப்போகும் மரச்சாமான் கண்காட்சிக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால், நான் டிசைன் செய்த நாற்காலியை நானே மேடையேறி விளக்க வேண்டும். காவலாளி அதை உடைந்த சாமான் என்று நினைத்துக் குப்பை லாரியில் ஏற்றப் பார்த்தார். எனக்குத் தூக்கம் போய், ரத்த அழுத்தம் வந்து, ஜாதகம் பார்க்கும் நிலைமை.

அண்ணன் வந்தார். விண்ணப்பித்தவர்கள் அனுப்பிய வேலை மாதிரிகளைத் திறக்கவே இல்லை.

"படமெல்லாம் அழகாத்தான் இருக்கும் தம்பி. கல்யாண ஆல்பத்தப் பாத்துக் குடும்பம் எப்படி நடக்குதுன்னு சொல்ல முடியுமா?"

நேர்காணல் நாளில் என் நாற்காலியை அறை நடுவே போடச் சொன்னார்.

"அண்ணே, வேற நல்ல நாற்காலி இருக்கு."

"இதான் வேணும் லா."

முதலில் வந்தவர் கோலாலம்பூர்க்காரர். உட்கார்ந்ததும் இடப்பக்கம் சாய்ந்தார். சாய்ந்தபடியே, "துணிச்சலான டிசைன் சார்" என்றார். நான் பூரித்துப்போனேன். அண்ணன் அவரை அனுப்பிவிட்டார். "விழப்போற நேரத்துலயும் ஐஸ் வைக்கிறான்."

இரண்டாமவர் ஆட்டிப் பார்த்து, "எந்த மடையன் சார் இத செஞ்சது?" என்றார். நான் ஜன்னல் வழியே மழையை ரசித்தேன். வெளியே மழை இல்லை.

"கண்ணு சரியா இருக்கு. ஆனா இவன் கீழ வேலை செய்ற புள்ளைங்க டாய்லெட்ல போய் அழும்" என்றார் அண்ணன்.

அடுத்து வந்த கவிதா உட்காரவில்லை. நாற்காலியைக் கவிழ்த்துக் காலைத் தடவிப் பார்த்தார்.

"செஞ்சவர் இங்க இருக்காரா? என்ன நெனச்சு செஞ்சாருன்னு கேக்கணும்."

அலமாக், மாட்டிக்கொண்டேன்! கையைத் தூக்கினேன். முதுகுவலிக்காரர்களுக்காக என்று ஏதோ உளறினேன். முழுவதும் கேட்டார்.

"சாய்மானம் நல்லாத்தான் இருக்கு சார். காலை மட்டும் சேர்ந்து சரி பண்ணலாமா?"

வேலை அவருக்கே. மேடையும் அவருக்கே.

சாப்பாட்டுக் கடையில் அண்ணனை மடக்கினேன். "தொழிற்சாலை முழுக்க நாற்காலி இருக்க, என் மானத்தத்தான் நடுவுல போடணுமா?"

அண்ணன் தே தாரிக் தேநீரை ஆற்றியபடி சொன்னார்: "ஒன்ன டிசைன்லயே வச்சிக்கப் போறதா முதலாளி சொன்னாரு. இனி நீ அவங்க கீழ. ஒன்னையும் மனுசனா நடத்துற ஆளா பாக்க வேணாமா?"

அவருக்கு இன்னொரு ரொட்டி சானாய் சொல்லி, பில்லையும் நானே கட்டினேன்.