இத்தோவின் கம்பளத்தில் ஐந்தாவது வரிசை

ஒரு வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன்தான் என்றால், அவனுக்குப் பேச வருகிறதோ இல்லையோ, கல்யாணம் பேசுகிற வேலை அவன் தலையில்தான் விழும். எனக்குப் பேச வராது. ரொறன்ரோவில் நான் வேலைசெய்த உணவகத்தின் முதலாளி, எனக்குத் தொண்டையில் ஏதோ வருத்தம் என்றே நான்கு வருடமாக நினைத்திருந்தார். (அவரைத் திருத்துவதற்கும் பேசவேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தில் நானும் தங்கை வதனியும் குடியிருந்தோம். அவளுக்கு மொன்றியலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் படத்தைக் கொடுத்தேன். பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் படத்தைத் திருப்பித் தரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை நான் ஹோலில் நிலத்தில் இருந்தபடி சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அயன்பொக்ஸை வைத்த இடத்தைக் கவனிக்காமல் ஓடினேன். திரும்பி வந்து தூக்கியபோது, வாடகை வீட்டின் தரையோடு ஒட்டியிருந்த காபெற்றின் நட்டநடுவில் அதன் முழு உருவமும் கறுப்பாகப் பதிந்திருந்தது. வதனி வந்து பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் எதிர்வீட்டில் இத்தோ என்றொரு பெண்மணி இருந்தார். மொரோக்கோவின் மலைநாட்டுக்காரர், அமாசிக் இனத்தவர். அவரை அரபுக்காரி என்று யாராவது சொன்னால் லிஃப்ட் போனாலும் பரவாயில்லை என்று நின்று திருத்திவிட்டுத்தான் போவார். அவருடைய தாய் கையால் நெய்து கொடுத்த கம்பளம் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. வெள்ளை ஆட்டு ரோமத்தில் கறுப்பும் சிவப்புமாக வரிசை வரிசையாகக் கோலங்கள். நான் பாதி ஆங்கிலமும் பாதிச் சைகையுமாக ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அதைக் கேட்டேன்.

தந்தார். ஆனால் தருவதற்குமுன் அதை வாசலிலேயே விரித்து, ஒரு கரையில் இருந்து மறு கரைவரை விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் என்ன கருத்து என்று ஆங்கிலத்தில் சொன்னார். அரை மணித்தியாலம். இடையில் போகக் கூச்சமாக இருந்ததால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். சும்மா நிற்பானேன் என்று சொல்லுக்குச் சொல் பாடமாக்கியும் விட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் படிப்பு என்றால் பாடமாக்குவதுதான். விளங்குவதெல்லாம் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய், தாயின் தமையன். தமையன் ஊரில் தலைமை ஆசிரியராக இருந்தவர் என்பதை அவர் சோபாவில் இருந்தபிறகுதான் சொன்னார்கள். வதனி குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலநிலையைப் பற்றிய பேச்சு முடிந்தது. வேறு பேச்சு என்னிடம் இல்லை. அந்தத் தமையன் மாஸ்டர் கீழே விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தார்.

“உதென்ன தம்பி, வரிக்கு வரி ஒவ்வொண்டு கீறிக்கிடக்கு? கருத்து ஏதும் இருக்கோ?”

அந்த வகுப்பறைக் குரலில் அந்தக் கேள்வி. நான் எழுந்து நின்றேன். கை தானாகக் கட்டிக்கொண்டது. (அப்போது எனக்கு முப்பது வயது.)

“முதலாம் வரிசை கண், சேர். கண்ணூறு படாமல் இருக்க. ரெண்டாம் வரிசை ஆறு. மூண்டாம் வரிசை, அந்தச் சாய்ஞ்ச கட்டம், பொம்பிளை. நாலாம் வரிசை, நேர்க்கோடு, ஆம்பிளை.”

ஐந்தாவது என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாய் நின்றது. ஆனால் பாடத்தை நடுவில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று என் உள்ளங்கைக்குத் தெரியும்.

“ம். பிறகு?” என்றார் மாஸ்டர்.

“அஞ்சாம் வரிசை, கட்டத்துக்குள்ளை கோடு. ரெண்டு பேரும்... சேர்ந்திருக்கினம், சேர்.”

குசினியில் ஒரு கரண்டி விழுந்தது. மாப்பிள்ளையின் தாய் தன் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் ஐந்தாம் வரிசையின் மேல்தான் இருந்தன. சுடுபட்டவர் போலக் காலை இழுத்துக் கம்பளத்தைக் குதிக்காலால் அப்பால் தள்ளினார். அது நகர்ந்தது. அடியில் இருந்து கறுப்பாக ஒரு கூர்முனை வெளியே வந்தது.

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். “உது ஆறாம் வரிசையோ?”

“இல்லை, சேர். உது அயன்பொக்ஸ் சுட்டது.”

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. தன் விதியை நினைத்து அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தாய் சிரிக்கவில்லை. வதனி கொண்டுவந்த தேநீரில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பத்து நாள் ஒரு செய்தியும் இல்லை. வதனி என்னோடு பேசியதெல்லாம் “சோறு இருக்கு” என்ற அளவில்தான். கட்டில் விரிப்பை மாற்றும்போது அவளுடைய தலையணைக்குக் கீழே அந்தப் படம் இருப்பதைக் கண்டேன். அன்று அந்தச் சோறும் எனக்கு இறங்கவில்லை.

கம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கப்போய், இத்தோவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதெல்லாம் அவர்கள் ஊரில் பெண்கள் பெண்களுக்குள் பேசிக்கொள்வதாம். நான் தலையாட்டிய விதத்தைப் பார்த்து, இவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று நம்பித்தான் முழுவதையும் சொன்னாராம். அவருக்கும் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்திருக்கிறது.

பதினோராம் நாள் தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளையின் தாய்.

“தம்பி, நாங்கள் மூண்டு வீடு பாத்தனாங்கள். எல்லாரும் நல்லாத்தான் கதைச்சினம். ஒருத்தற்றை கதையும் எனக்கு நம்பேலாமல் கிடந்தது. உம்மிட்டைக் கேட்டால் உள்ளதெல்லாம் வரும் போலை. பிள்ளைக்குச் சம்மதமோ எண்டு கேட்டுச் சொல்லும்.”

கேட்கத் தேவைப்படவில்லை. பிள்ளை என் தோளுக்குப் பின்னால் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

வதனியின் மகள் இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். குடும்பம் கூடுகிற நாளில் சாப்பாடு முடிந்ததும் மச்சான் இந்தக் கதையைத் தொடங்குவார். வேண்டுமென்றே பிழையாகச் சொல்லுவார். முதலாம் வரிசை ஆறு என்பார், மூன்றாம் வரிசை கண் என்பார். நான் இந்தமுறை வாய் திறப்பதில்லை என்று ஒவ்வொரு வருடமும் முடிவெடுப்பேன். போன பொங்கலுக்கு அவர் ஆம்பிளையை ஆறாம் வரிசையில் கொண்டுபோய் வைத்தார்.

“இல்லை மச்சான், முதலாம் வரிசை கண்” என்று தொடங்கினேன். வீடே சிரித்தபோதுதான் கவனித்தேன், நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அதுவும் கைகட்டி.