பிரதோஷத்தன்று மட்டும் ஹேங் ஆகும் லேப்டாப்

உ
சிவமயம்

மேலகரம்,
புரட்டாசி 12, திங்கட்கிழமை.

அன்புத் தம்பி கௌரிசங்கருக்கு அக்கா குழல்வாய்மொழி ஆசீர்வதித்து எழுதுவது. குற்றாலநாதர் கிருபையால் இங்கே நான், உன் அத்தான், நான்கு வருஷத்துக்கு முன் நீ பழையது என்று விட்டுப்போன லேப்டாப், ஆக மூவரும் சுகம். பெங்களூரில் நீயும் ஸ்ரீவித்யாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நான்காவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அக்கா, மீட்டிங்" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

தீபாவளிக்கு வரும்போது நீ புது லேப்டாப் வாங்கி வரப்போவதாகவும், அதில் காசு கொடுத்து வாங்கும் ஓ.எஸ். இருக்கும் என்றும், பழையதை எடைக்குப் போட எடுத்துப்போவாய் என்றும் ஸ்ரீவித்யா சொன்னாள். வேண்டாம் தம்பி. இதில்தான் நான் எழுத்து எழுத்தாகத் தேடி டைப் அடிக்கப் பழகினேன். இதன் பட்டன்களில் எந்த எழுத்து அழிந்திருக்கிறது என்பது என் விரலுக்குத் தெரியும். தவிர, பழையது இப்போது பூரண குணமாகிவிட்டது. குணமான கதையை முதலிலிருந்து சொல்கிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

நீ இதைக் கொடுத்த அன்று சொன்ன மூன்று விஷயங்களையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, இது ஓப்பன் சோர்ஸ், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், ஓட்டை கண்டால் சொல்லலாம், தெரிந்தவர் அடைக்கலாம். இரண்டு, அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதே. மூன்று, தினமும் ஆஃப் பண்ண வேண்டாம், மூடியை மூடினால் போதும், அதுவே தூங்கிக்கொள்ளும். மூன்றையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து வருகிறேன். ராகு காலத்தில் மட்டும் பேட்ச், அதாவது அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட், போடுவதில்லை. ஒன்றரை மணி நேரம் பொறுப்பது தள்ளிப்போடுவதில் சேராது என்பது என் அபிப்பிராயம். முதல் மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. வாரத்துக்கு வாரம் பாதுகாப்புப் பேட்ச் என்று ஐந்தும் பத்துமாக வந்து இறங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி விளக்கம் வேறு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன். வெளியிலிருந்து ஒருவர் உள்ளே நுழையக்கூடும் என்று வந்த அன்று கொல்லைக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட ஆசாரியை வரச் சொல்லிவிட்டேன். உள்ளூர்ப் பயனர் ஒருவர் தமக்கில்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்ளக்கூடும் என்று வந்த அன்று உன் அத்தானைத்தான் திரும்பிப் பார்த்தேன். இந்த வீட்டில் உள்ளூர்ப் பயனர் என்று சொல்ல அவர் ஒருவர்தானே. முறுக்கு தின்றுகொண்டிருந்தவர், "என்னட்டி, அப்படிப் பாக்குத?" என்றார். "ஒண்ணுமில்ல, பேட்ச் போட்டாச்சு" என்றேன். போகப்போகத்தான் எனக்கு மனசு தெளிந்தது. ஓட்டை இருப்பதால்தான் பேட்ச் வருகிறது என்பது வாஸ்தவம். ஆனால் ஓட்டையை மறைக்காமல் ஊரறியச் சொல்லி அடைக்கிறார்களே, அது எவ்வளவு பெரிய காரியம். நம் வீட்டு மேல்தொட்டி ஆறு மாதம் ஒழுகியும், கட்டின கொத்தனார் ஒழுகவே இல்லை என்று சத்தியம் பண்ணினாரே, அவரை நினைத்துக்கொண்டேன். அதிலிருந்து ஒவ்வொரு பேட்சுக்கும் நோட்டில் ஒரு வரி: தேதி, கிழமை, திதி, நேரம், பலன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன தை மாதம் முதல் ஹேங் ஆகத் தொடங்கியது. மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை, மூலையில் ஒரு சின்னக் கோடு. தட்டினாலும் கெஞ்சினாலும் அசையாது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து, ஐந்தெழுத்தை மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் அணையும், பிறகு முதலிலிருந்து எழுப்ப வேண்டும். எழுந்து பார்த்தால் அன்றைக்கு அடித்த பதிகங்களில் பாதியைக் காணோம். எங்கள் வழிபாட்டுக் குழுவில் பதினொரு பேர், அதில் ஒன்பது பேருக்குக் கண்ணில் புரை என்பது உனக்குத் தெரியும். அவர்களுக்காகப் பதிகங்களைப் பெரிய எழுத்தில் அடித்து அச்செடுத்துக் கொடுப்பதுதான் என்னால் முடிந்த கைங்கரியம். ஒரு வெள்ளிக்கிழமை குருவம்மாள் அக்கா தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, "ஏட்டி குழலு, இந்தப் பக்கத்துல சாமி பாதி வழியிலேயே நிக்காரே, பெறகு எங்க போனாரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாலு தடவை ஹேங் ஆனதும் உனக்குப் போன் செய்தேன். "எப்பெப்போ ஆகுதுன்னு எழுதி வையிக்கா, பாப்போம்" என்றாய். என் வாயை அடைக்கத்தான் சொன்னாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைத்தேன்.

ஒன்பதாவது வரி எழுதும்போது திதிக் கட்டத்தைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை திரயோதசி, திரயோதசி, திரயோதசி. வளர்பிறையானால் என்ன தேய்பிறையானால் என்ன, பிரதோஷத்தன்று குற்றாலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து திறந்தால் ஹேங். மற்ற நாளெல்லாம் சமர்த்து. உன் அத்தான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஈஸ்வரனுக்கே நீ இதுல தட்டுதது பிடிக்கல போலருக்கு" என்றார். நானும் பயந்துபோய் நந்திக்கு வில்வ மாலை நேர்ந்துகொண்டேன். மாலை சாத்திய அன்றும் ஹேங். உன்னிடம் சொன்னேன், நீ சிரித்தாய், பக்கத்தில் ஸ்ரீவித்யா சிரித்ததும் கேட்டது. அன்றைக்குத்தான் புது லேப்டாப் வாங்குவதாக நீ முடிவு செய்தாய் என்பது என் ஊகம்.

மேலகரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அச்சுக்கடை வைத்திருக்கிறாளே, கடையநல்லூர் அஃப்ஷான், அவள்தான் வழி சொன்னாள். "அக்கா, இது ஓப்பன் சோர்ஸ்தான? செஞ்சவங்ககிட்டயே எழுதிக் கேட்டுருவோம்." "நமக்கெல்லாம் பதில் போடுவாங்களாம்மா?" "கேட்டுப் பாக்கதுக்குக் காசா பணமா?" நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். திதி வந்த இடத்தில் மட்டும் கையை எடுத்துவிட்டாள். "இது வேண்டாங்க்கா, அவங்களுக்கு வெளங்காது, நம்மளப் பைத்தியம்னு நெனைச்சிருவாங்க." "நோட்டுல இருக்கதை மறைச்சு எழுதினா அது என்னம்மா புகாரு? அவங்க அவங்க ஓட்டைய மறைக்கலியே. போடு" என்றேன். போட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. செக் நாட்டிலிருந்து ஓந்த்ரே என்று ஒரு தம்பி. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட்டார், சுகம்கூட விசாரிக்கவில்லை, அது அவர்கள் ஊர் வழக்கம் என்றாள் அஃப்ஷான். கேட்டது ஒரே கேள்வி: திரயோதசி என்பது எந்தக் கம்பெனி மென்பொருள்? சந்திரனின் பதின்மூன்றாம் நாள் என்று எழுதினோம். அதற்கு அவர், சந்திரனுக்கும் எங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று நம்புகிறேன், ஆனால் இவ்வளவு ஒழுங்கான புகாரை நான் பார்த்ததில்லை, அந்த நாளில் நீங்கள் செய்வதை நிமிஷம் நிமிஷமாக எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். மூன்றரைக்கு உன் அத்தான் நடக்கப் போய்விடுவார். மூன்று நாற்பதுக்கு லேப்டாப்பை மூடுவேன். தலை சீவி, வில்வத்தைக் கூடையில் எடுத்து வைத்து, வீடு பூட்டிக் கிடக்கப்போகிறதே என்று மிக்ஸி, டி.வி., கடைசியில் லேப்டாப் சார்ஜர் என்று எல்லாப் பிளக்கையும் உருவிவிடுவேன். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். நாலு ஐந்துக்குப் பஸ். சீசன் என்றால் ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக அருவிக்குப் போகிற கூட்டம், நின்றுகொண்டுதான் போக வேண்டும். நாலே முக்காலுக்கு நந்திக்கு அபிஷேகம், பால், தயிர், இளநீர், சந்தனம். ஏழு பத்துக்கு வீடு. பிளக்கை மாட்டி, மூடியைத் திறந்தால் ஹேங். அபிஷேகத்தை எடுத்துவிடலாம் என்றாள் அஃப்ஷான். அவர் நிமிஷம் நிமிஷமாகத்தானே கேட்டார், நாலே முக்காலில் வேறு என்ன எழுதுவது என்று கேட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. இங்கேயும் ஹேங் ஆகிறது, மிகவும் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். இதில் என்ன சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை. "நோய் இன்னதுன்னு தெரிஞ்சாத்தானக்கா மருந்து" என்றாள் அஃப்ஷான். விஷயம் இவ்வளவுதான் தம்பி. மற்ற நாள் மூடியை மூடினாலும் சார்ஜர் பிளக்கிலேயே இருக்கும், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். பிரதோஷத்தன்று மட்டும்தான் நான் முதலில் மூடியை மூடி, பிறகு சார்ஜரை உருவுகிறேன். கண் சொருகிக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வீட்டில் அரிசி இல்லை என்று சொன்ன மாதிரி, அது தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் நின்றுவிடுகிறதாம். மார்கழியில் வந்த ஒரு பேட்ச்தான் இதற்குக் காரணமாம், ஓரிடத்தை அடைக்கப் போய் இன்னோரிடத்தில் விட்டுவிட்டார்களாம். அதையும் அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆவணி 20, சனிக்கிழமை, பேட்ச் வந்தது. அதன் விளக்கத்தில் புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் குழல்வாய்மொழி, மேலகரம், தென்காசி என்று போட்டிருக்கிறது. அஃப்ஷான் அதைப் பெரிதாக அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். நீ இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலையில்தானே இருக்கிறாய், உன் பெயர் இப்படி எதிலாவது வந்திருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்றைக்கே எட்டேமுக்காலுக்கு உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பேட்சைப் போட்டு முடித்தேன். அதன் பிறகு இரண்டு பிரதோஷம் வந்து போய்விட்டது. இரண்டு தடவையும் திறந்தவுடன் பளிச்சென்று விழித்துக்கொண்டது, ஒரு பதிகம்கூடத் தொலையவில்லை. லேப்டாப் குணமான யோகமோ என்னவோ, உன் அத்தானும் மாறிவிட்டார். முழங்கால் வலி என்று இரண்டு பிரதோஷமாக நடக்கப் போகவில்லை. வீட்டில் இருந்தவர், "நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும். சுச்செல்லாம் நான் அமத்திக்கிடுதேன்" என்றார். நான் திரும்பி வரும்போது பிளக்கெல்லாம் மறுபடி மாட்டியே இருந்தது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பலன் கட்டத்தில் எழுதி வைத்தேன்: பேட்ச் நன்று, இவரும் நன்று.

ஆகையால் தம்பி, புது லேப்டாப் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லி அடைத்துத் தருகிற ஆட்களை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? நீங்கள் மட்டும் வாருங்கள், அது போதும். ஸ்ரீவித்யாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம். அம்மையும் அப்பனும் உங்கள் எல்லோரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
குழல்வாய்மொழி சண்முகநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை அச்சுக்கு எடுத்துப் போகும் முன் வழக்கம்போல உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். சுவிட்ச் அணைக்கிற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்த வரிய எடுத்துரு."

"எதுக்கு? ஒங்களப் பத்தி நல்லதுதான எழுதியிருக்கேன்."

"இல்லட்டி. நான் சார்ஜர உருவவே இல்ல."

"பெறகு என்ன செஞ்சீய?"

"நீ தெருமுக்கு திரும்புனதும் அதத் தொறந்து சீட்டு வெளையாடுவேன். ஏழு மணிக்கு மூடி வச்சிருவேன்."

"பாஸ்வேர்டு?"

"ஒன் நோட்டுலதான் மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கியே."

"முழங்காலு?"

"அது நல்லாத்தான் இருக்கு."

சார்ஜரை உருவாவிட்டால் ஹேங் ஆகாது, அதற்கு எதற்குப் பேட்ச்? சந்தேகம் வந்து திரையின் மூலையைப் பார்த்தேன். அணைத்துத் திரும்ப எழுப்பினால்தான் பேட்ச் அமலுக்கு வரும் என்று ஒரு சின்ன அறிவிப்பு. அன்றைக்கு அது கேட்டபோது மணி சரியாக ஒன்பது, ராகு காலம் பிறந்துவிட்டதே என்று 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு மறந்திருக்கிறேன். ஹேங் ஆனால்தான் நான் அணைப்பேன். ஹேங் ஆகவில்லை, அதனால் அணைக்கவில்லை, அதனால் என் பெயர் போட்ட பேட்ச் இருபத்து மூன்று நாளாக வாசலிலேயே நிற்கிறது.

ஆகவே மேலே குணமாகிவிட்டது என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள். இப்போது நல்ல நேரம் பார்த்து அணைத்து எழுப்பிவிட்டேன், அழகாக எழுந்தது. வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் பிரதோஷம். மூடியை மூடி, சார்ஜரை என் கையாலேயே உருவி, உன் அத்தானையும் கோயிலுக்குக் கையோடு கூட்டிப்போகப் போகிறேன். பலன் எதுவானாலும் ஓந்த்ரே தம்பிக்கு உள்ளபடி எழுத வேண்டும். ஆகையால் பழையது இந்த வீட்டை விட்டு நகராது.

புது லேப்டாப் வேண்டாம் என்றதையும் அடித்துவிடு. வாங்கி வா. காசு கொடுத்த ஓ.எஸ்.ஸே இருக்கட்டும், சீட்டு விளையாட அது போதும். அது அத்தானுக்கு.

இங்கே உள்ளூர்ப் பயனருக்கான பேட்சை நானே போட்டுவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றி, நோட்டை அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இந்தக் கடைசி வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.