கடைசி வரிவரை படித்த கண்கள்

கொண்டல்வெளி, சீர்காழி வட்டம்
திருவள்ளுவர் ஆண்டு 2004, மாசித் திங்கள் 18

அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த மைத்துனர் இராஜாங்கம் அவர்களுக்கு, செல்லதுரை எழுதுவிப்பது. இங்கு நானும் உங்கள் தமக்கையும் நலம். அங்கு நீங்களும் இல்லத்தாரும் நலமாய் இருக்கக் கடவுளை வேண்டும் வழக்கம் எனக்கு இல்லாமையால், நலமாய் இருக்குமாறு உங்களையே வேண்டிக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இம்மடலை வரைபவர் உங்கள் தமக்கை கண்ணாத்தாள். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக வாக்களித்துள்ளார். ஏன் நானே எழுதவில்லை என்று நீங்கள் வியக்கலாம். அதுவே இம்மடலின் பொருள். ஓராண்டாக என் இரு கண்களிலும் புரை படர்ந்து, உலகம் எனக்கு மோர் குடித்துக் கழுவாத குவளைக்கு அப்பால் நிற்கிறது. இதை நான் வெளியே சொல்லவில்லை. அறியாமை இருளைக் கிழிப்பேன் என்று மேடைதோறும் முழங்கியவன், எதிரே நிற்பது இருளா ஆளா என்று விளங்கவில்லை எனச் சொல்லிக்கொள்வது எங்ஙனம்?

ஆயினும் இயற்கை என்னைக் காட்டிக்கொடுக்கவே முனைந்தது. தை அறுவடையின்போது கூலி நெல் தகராறு முற்றி, மிராசுதாரரையும் தொழிலாளரையும் வட்டாட்சியர் பேச்சுக்கு அழைத்திருந்தார். நான் எழுந்து, "உழுதவன் வயிற்றில் அடிக்கும் உலுத்தனே! உன் களஞ்சியம் கண்ணீரில் மிதக்கும் நாள் தொலைவில் இல்லை!" என்று கை நீட்டி முழங்கினேன். அவையே அதிர்ந்தது. மிராசுதாரர் மட்டும் கைதட்டினார். கை நீண்டிருந்தது வட்டாட்சியரை நோக்கி என்பதைப் பின்னரே அறிந்தேன். அடுத்த கிழமை மாவட்டச் செயலாளருக்கு அணிவிக்க வேண்டிய பொன்னாடையை ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மீரா உசேனுக்குப் போர்த்தி, கழகத்துக்கு அவர் செய்த தியாகங்களைக் கால் மணி நேரம் எடுத்துரைத்தேன். அவர் நல்லவர். கண் கலங்கி, அன்றைய வாடகையில் பாதியைத் தள்ளிவிட்டார்.

தஞ்சையில் தனியார் மருத்துவர் ஒருவரிடம் வேற்றூர்க்காரன்போல் விசாரித்தேன். கண்ணொன்றுக்கு நானூறு ரூபாய் என்றார். முப்பதாண்டுப் பொதுவாழ்வில் என்னிடம் துண்டு நானூறு உண்டு, ரூபாய் நானூறு இல்லை. எனவே ஏழு மேடைகளில், "பணமுள்ளவனுக்குப் பகல், இல்லாதவனுக்கு இரவா?" என்று கேட்டேன். அரசு செவிசாய்த்தது. சென்ற வியாழனன்று நம் ஊர்ப் பள்ளியில் இலவசக் கண் மருத்துவ முகாம் நடந்தது. கேட்டுப் பெற்றவன் நான். வரிசையில் நிற்கத்தான் கூச்சமாக இருந்தது.

அந்த வரிசைக்கே ஒரு போர் நடந்தது. மிராசுதாரர் ஆட்கள் தனி வரிசை கேட்டார்கள். செவிலியர் அமலி என்னும் பெண், "வரிசை ஒண்ணுதாங்க. யாருக்காவது மூணு கண்ணு இருந்தா சொல்லுங்க, தனியா நிக்கட்டும்" என்றார். நான் பதினெட்டுப் பேருக்குப் பின்னால், தற்செயலாக நிற்பவன்போல் நின்றேன். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர், என் ஊழ்வினை என்று சொல்ல என் கொள்கை இடந்தராத பக்கிரி. செங்கொடிச் சங்கத்தவர், மேடைதோறும் எனக்கு மறுப்புரை சொல்பவர்.

"என்னங்க, நீங்களும் இலவசத்துக்கா?" என்றார்.

"மேற்பார்வையிட வந்தேன்."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாங்க நோயாளிங்க."

தள்ளி நிற்க முடியுமா? "மக்களோடு நின்றே மேற்பார்வையிடுவேன்" என்று நிலைகொண்டேன். சுவரில் எழுத்து அட்டை ஒன்று தொங்கியது. தொங்கியதாகச் சொன்னார்கள். படித்தோர் அதை உரக்கப் படிக்க வேண்டும். படிக்காதோர்க்கு அமலி விரல்களைக் காட்டுவார். வயலில் நடவு நடும் பூவம்மாளிடம் "எத்தனை விரல் பாட்டி?" என்றபோது அவர், "வெரல அப்பறம் எண்ணுவோம் தாயி, மொதல்ல கை எங்கருக்குன்னு சொல்லு" என்றார். உடனே உள்ளே மருத்துவரிடம் அனுப்பப்பட்டு அறுவைப் பட்டியலில் இடம்பெற்றார். அந்த ஒரே வாக்கியத்தில் அவர் பெற்றதை என் ஏழு மேடைச் சொற்பொழிவுகள் எனக்குப் பெற்றுத் தரவில்லை.

என் முறை வந்தது. "எது தெரியுதோ அத மட்டும் படிங்கய்யா" என்றார் அமலி. எனக்குத் தெரிந்தது சுவர் மட்டுமே. ஆனால் முன்னே நின்றவர்கள் அந்த அட்டையை உரக்கப் படித்துப் படித்து, அது என் நெஞ்சில் கல்வெட்டாகியிருந்தது. மூன்று மணி நேரம் குறிப்பின்றிப் பேசும் மூளை அல்லவா? முதல் வரியை மட்டும் சொல்லி நிறுத்தவே எண்ணினேன். நிறுத்தினேன். பின்னாலிருந்து பக்கிரி, "என்னங்க, ஒத்த வரியோட மூச்சு வாங்குது?" என்றார்.

மைத்துனரே, அதன்பின் நடந்தது என் செயல் அன்று. இரண்டாம் வரி, மூன்றாம் வரி, எறும்பு ஊர்வதுபோல் பொடியெழுத்தில் இருந்ததாம் கடைசி வரி, அத்தனையும் ஏற்ற இறக்கத்தோடு பொழிந்தேன். ஒரு கண்ணை மறைத்தார்கள், பொழிந்தேன். மறு கண்ணை மறைத்தார்கள், பொழிந்தேன். கூட்டம் ஆரவாரித்தது. "அறுவது வயசுல இந்தப் பார்வையா! மனுசன் என்னத்தத்தான் திங்கிறாரு?" என்றது ஒரு குரல். நான் பத்து நிமிடம் நன்றியுரையும் ஆற்றினேன். கரும்பலகையைப் பார்த்து ஆற்றினேன் என்பது பிற்பாடு கிடைத்த தகவல். மருத்துவரிடமே அனுப்பாமல், "பார்வை நன்று" என்ற சீட்டைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டையும் கண்ணாத்தாள்தான் படித்துச் சொன்னார்.

பட்டியலில் ஐம்பது இடங்கள். நாற்பத்தொன்பது நிரம்பிவிட்டன. ஞாயிறு காலை அவர்களை அறுவைக்கு அழைத்துச் செல்லும் பேருந்து புறப்படுகிறது. மறு முகாம் அடுத்த ஆண்டுதான். அதற்குள் எனக்கு மேடைப் படியும் தெரியாது போய்விடும். மயிலாடுதுறையில் மருந்து கலந்து தரும் உங்களுக்கு முகாமுக்கு வந்த அந்த மருத்துவரைத் தெரியும் என அறிவேன். அட்டையைப் படிக்கச் சொல்லும் சோதனை நினைவாற்றல் மிக்கோர்க்கு இழைக்கப்படும் அநீதி என்று அவருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதுங்கள். எனக்காக அன்று, கொள்கைக்காக. இறுதியில் என் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள். செய்தி ஊரில் எவருக்கும் எட்டலாகாது, பக்கிரிக்கு எட்டவே எட்டலாகாது. உங்கள் தமக்கையும் வாய் திறக்கலாகாது எனக் கூறியுள்ளேன். தலையசைத்தார். அசைத்ததாகவே எனக்குத் தோன்றியது.

உங்கள் இல்லம் ஓங்குக! பிள்ளைகள் தமிழும் அறிவும் பெற்றுத் தழைக்க! கடைமடைவரை காவிரி பாய்க!

என்றும் தங்கள் நலம் நாடும்,
செல்லதுரை

பி.கு.: தம்பி ராசாங்கம், இது அக்கா எழுதுறேன். அவரு எதுத்தாப்புலதான் வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்துருக்காரு. "கையெழுத்தும் போட்டாச்சு, இன்னும் என்ன எழுதுற?"ன்னாரு. மேல்விலாசம்னேன். நீ யாருக்கும் ஒண்ணும் எழுத வேணாம். வெள்ளிக்கெழமையே நான் சீர்காழி போயி அந்த முகாம் டாக்டரப் பாத்துட்டேன். பக்கிரி அண்ணன்தான் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. இவரு கண்ணு விசயம் அவருக்கு ஒரு வருசமாத் தெரியுமாம், ஊருக்கே தெரியுமாம். மனசு நோகும்னு யாரும் சொல்லலியாம். வரிசையில வம்புக்கு இழுத்தா கோவத்துல உண்மையச் சொல்லிடுவாருன்னு பாத்தேன், இப்புடி ஆயிப்போச்சு தங்கச்சின்னு வருத்தப்பட்டாரு. அன்னிக்குச் சாயங்காலமே டாக்டர் நம்ம வீட்டுக்கு வந்தாரு. முகாமுக்கு நன்றி சொல்ல வந்தேன்னு சொல்லிட்டு, இவரு பேசிக்கிட்டு இருக்கறப்பவே கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தாரு. இவரு மேடை வெளக்குன்னு நெனச்சிக்கிட்டு இன்னும் சத்தமாப் பேசுனாரு. அம்பதாவது பேரு இவருதான். திங்கக்கெழமை ஆப்பரேசன் முடிஞ்சா ஒரு வாரம் தலைய அசைக்காம மல்லாக்கப் படுத்திருக்கணுமாம், வாயத் தொறந்து பேசவே கூடாதாம், பேசுனா தையல் விட்டுப்போயிடுமாம். அத இன்னும் இவருகிட்ட சொல்லல, பஸ் கெளம்புன பொறவு சொல்லிக்கிறேன். பக்கத்துக் கட்டில் பக்கிரி அண்ணனுக்கு, அவருக்கும் ஒரு கண்ணுல பொரையாம். அது தெரியாமத்தான் சைக்கிள்ல ஏறிட்டேன். ரெண்டு பேருக்கும் நான்தான் தொணைக்கு இருக்கப்போறேன். முப்பது வருசமா இவருகிட்ட சொல்லணும்னு வச்சிருக்கது கெடக்கு, செவ்வாக்கெழமை ஆரம்பிச்சா ஒரு வாரத்துல முடிச்சிரலாம்.